புற்றுநோயின் வேரைத் தேடி: மூலக்கலங்களும் சிறு பிணைமூலக்கூறுகளும்

புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஒரு முரண்பாடு உண்டு. மருந்து கொடுக்கப்படுகின்றது, கட்டி சுருங்குகின்றது, கதிர்ப்படங்களிலும் குருதிப் பரிசோதனைகளிலும் நோயின் அடையாளம் மறைந்துபோகின்றது. ஆயின், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழிந்தபின் அதே நோய், பெரும்பாலும் முன்னிலும் பிடிவாதமான வடிவில், திரும்பி வருகின்றது. பல்லாயிரங்கோடி கலங்களை அழித்த மருந்து எதனை அழிக்கத் தவறியது என்ற வினா இவ்விடத்தில் எழுகின்றது.

இவ்வினாவுக்குக் கூறப்படும் விடைகளுள் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது புற்றுநோய் மூலக்கலக் கோட்பாடாகும். கட்டியிலுள்ள கலங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவற்றுட் சிறு தொகையினவே நோயை முடிவின்றித் தோற்றுவிக்கும் ஆற்றல் வாய்ந்தவை. வழமையான மருந்துகள் ஏனையவற்றை அழித்து இவற்றை விட்டுவிடுகின்றன என்பது அதன் சாரம். கோரைப்புல்லை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணுள் விட்டுச்செல்லும் கமக்காரனின் நிலைக்கு இதனை ஒப்பிடலாம்.

இக்கலங்களைத் தாக்கவல்ல சிறு மூலக்கூறுகளைத் தேடும் முயற்சி எங்கு வென்றது, எங்கு பாதி வென்றது, எங்கு தோற்றது என்பதை மூன்று நோய்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு மருந்து கட்டியைச் சுருக்குகின்றதா என்பதன்று, மருந்தை நிறுத்திய பின்னரும் நோய் திரும்பாதிருக்கின்றதா என்பதே உண்மையான உரைகல் என்பதும், அவ்வுரைகல் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாது நோயாளியின் பொருளாதார வாழ்வையும் தொடுகின்றது என்பதும் நாம் இங்கு நிறுவ முயலும் கருத்துக்களாகும்.

மூலக்கலம் என்னும் கருத்து

மனித உடலின் செங்குருதிக் கலமொன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்களாகும். தோலின் மேலணியும் குடலின் உட்படையும் அதனிலும் விரைவாகப் புதுப்பிக்கப்படுகின்றன. இவ்வாறு தேய்ந்தழியும் இழையங்களை ஈடுசெய்யும் பொறுப்பு ஒரு சிறு தொகைக் கலங்களிடம் உள்ளது. அவை பிரிவடையும்போது ஒருபுறம் தம்மையொத்த கலங்களைத் தோற்றுவித்துத் தம் தொகையைப் பேணுகின்றன. மறுபுறம் படிப்படியாக வியத்தமடைந்து முதிர்ந்த கலங்களாக மாறும் சந்ததியை உருவாக்குகின்றன. தன்னைப் புதுப்பித்தல், வியத்தமடையும் சந்ததியைத் தருதல் என்னும் இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்த கலமே மூலக்கலம் எனப்படுகின்றது.

இக்கருத்தினைப் பரிசோதனை வாயிலாக நிலைநிறுத்தியவர்கள் கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ரில், ஏர்ணஸ்ற் மக்கலக் ஆகிய இருவருமாவர். கதிர்வீச்சுக்குட்படுத்தப்பட்ட சுண்டெலிகளுக்கு என்பு மச்சைக் கலங்களை ஊசிமூலம் செலுத்தியபோது அவற்றின் மண்ணீரலிற் சிறு முடிச்சுக்கள் தோன்றுவதை அவர்கள் 1961இல் வெளியிட்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு தனிக்கலத்தின் வழித்தோன்றல் என்பது அடுத்துவந்த ஆண்டுகளில் நிறுவப்பட்டது.

இதே நகரிலேயே, முப்பது ஆண்டுகளின் பின்னர், புற்றுநோய்க்கும் இவ்வாறான மூலக்கலம் உண்டா என்ற வினா கூர்மை பெற்றது. ஜோன் டிக் என்பாரும் அவருடைய குழுவினரும் கடும் மச்சைக்கல வெண்குருதிப் புற்றுநோயாளரின் கலங்களை நிர்ப்பீடனம் குன்றிய சுண்டெலிகளில் வளர்த்தனர். 1994இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சுண்டெலியில் நோயைத் தோற்றுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2,50,000 கலங்களுக்கு ஒன்றிற்கே இருந்தது. அக்கலங்கள் மேற்பரப்பிலே சாதாரண குருதி மூலக்கலங்களை ஒத்த அடையாளப் புரதங்களைத் தாங்கியிருந்தன. நோயின் பெருந்திரளான கலங்கள் பெருகினும் அவை வழித்தோன்றல்களே. வேர் வேறிடத்தில் இருந்தது.

கருத்தின் வலுவும் வரம்பும்

2003இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மார்பகப் புற்றுநோயிலும் இதே பாங்கினைக் கண்டனர். குறித்த மேற்பரப்பு அடையாளங்களைக் கொண்ட கலங்களில் வெறும் நூறே சுண்டெலியிற் புதிய கட்டியை உருவாக்கப் போதுமானவையாயிருக்க, அவ்வடையாளமற்ற கலங்கள் பல்லாயிரம் செலுத்தப்பட்டும் கட்டி தோன்றவில்லை. அடுத்த ஆண்டு மூளைக் கட்டிகளிலும் இத்தகைய முடிவு கிட்டியது.

இக்கலங்கள் மருந்துக்குத் தப்புவதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, அவற்றுட் பல நெடுங்காலம் பிரிவடையாது உறங்குநிலையில் இருக்கின்றன. வழமையான இரசாயன மருந்துகளோ பிரிவடையும் கலங்களையே பெரிதும் தாக்குகின்றன. இரண்டாவது, உள்ளே புகும் நச்சுப்பொருட்களை வெளியேற்றும் பம்பிப் புரதங்கள் அவற்றின் மென்சவ்விற் செறிந்துள்ளன. மூன்றாவது, அவற்றைச் சூழ்ந்துள்ள இழையம் அவற்றுக்கு உயிர்வாழ்வதற்கான சைகைகளை வழங்கிக்கொண்டேயிருக்கின்றது.

எனினும், ஒரு கோட்பாட்டின் கவர்ச்சி அதன் வரம்புகளை மறைத்துவிடலாகாது. மெலனோமா என்னும் தோற்புற்றுநோயிற் கட்டியைத் தோற்றுவிக்கவல்ல கலங்கள் பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே உள்ளன எனக் கருதப்பட்டது. 2008இல் மிச்சிக்கனிலேயே ஷோன் மொறிசனின் குழுவினர் நிர்ப்பீடனம் மேலும் குன்றிய சுண்டெலிகளைப் பயன்படுத்தியபோது நாலு கலங்களில் ஒன்று கட்டியைத் தோற்றுவித்தது. அளவிடும் கருவி மாறியதும் அளவும் மாறிவிட்டது. அன்றியும், 2017இல் வெளியான குடற்புற்றுநோய் ஆய்வொன்றில், சுண்டெலிகளின் கட்டிகளிலிருந்து மூலக்கலங்களை மட்டும் தெரிந்தழித்தபோது கட்டி வளராது நின்றதேயன்றி மறையவில்லை. அழித்தல் நிறுத்தப்பட்டதும் எஞ்சிய சாதாரண புற்றுக்கலங்கள் மீண்டும் மூலக்கலங்களாக மாறின. எமது கோரைப்புல் உவமையின் குறைபாடு இங்கு வெளிப்படுகின்றது. இப்புல்லின் தாளும் வேண்டும்போது கிழங்காக மாறவல்லது. ஆகவே புற்றுநோய் மூலக்கலம் என்பதை ஒரு நிலையான இனமாகக் கொள்ளாது, கலமொன்று அடையக்கூடிய ஒரு நிலைமையாகக் கொள்வதே பொருத்தமானதாகும்.

பூட்டும் திறவுகோலும்

இந்நிலைமையை மருந்து எவ்வாறு தாக்கும்? கலத்தின் செயல்களுட் பெரும்பாலானவை புரதங்களினாலேயே நிகழ்கின்றன. புரதமொன்றின் மடிப்புக்களுக்கிடையே குழிவான இடங்கள் உண்டு. அத்தகைய குழிவிற் பொருந்திப் பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றை நாம் இங்கு பிணைமூலக்கூறு என வழங்குவோம். நொதியத்துக்கும் அது தாக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் ஒப்பிட்டு 1894இல் எமில் பிஷர் கூறிய உவமை இன்றும் பயன்படுவதாகும். இயற்கைத் திறவுகோலை ஒத்த செயற்கைத் திறவுகோல் ஒன்று பூட்டைத் திறக்கலாம்; அல்லது துவாரத்தை அடைத்துவிடலாம்; அல்லது பூட்டையே சிதைத்துவிடலாம். இம்மூன்றும் மருந்தியலில் நிகழ்வனவே என்பதைப் பின்னர் காண்போம்.

சிறு மூலக்கூறு என நாம் கூறுவது பொதுவாக 500 தாற்றன் அளவுக்கு உட்பட்ட மூலக்கூற்று நிறை கொண்டவற்றையாகும். பிறபொருளெதிரிகள் இதனிலும் ஏறத்தாழ முந்நூறு மடங்கு பெரியவை. அவை கலத்தின் வெளிப்புறத்தையே பற்றவல்லன. சிறு மூலக்கூறோ மென்சவ்வைக் கடந்து உட்புகவல்லது. பெரும்பாலும் குளிசையாக வாய்வழி கொடுக்கத்தக்கது. இரசாயனத் தொகுப்பின் மூலம் ஒப்பீட்டளவிற் குறைந்த செலவில் உற்பத்தி செய்யத்தக்கது. இறுதியாகக் கூறிய பண்பின் சமூக முக்கியத்துவத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் நோக்குவோம்.

ஷங்காய் தந்த பாடம்

முழுமையான வெற்றிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கடும் முன்மச்சைக்கல வெண்குருதிப் புற்றுநோயாகும். 1957இல் நோர்வேயைச் சேர்ந்த ஹில்லெஸ்ராட் இதனைத் தனிநோயாக விவரித்தபோது, குருதிப்பெருக்கினால் நோயாளரைச் சில வாரங்களிற் கொல்லும் கொடிய நோயாக இது விளங்கியது. இந்நோயில் வெண்குருதிக் கலங்கள் முதிர்ச்சியடையாது இடைநிலையிலேயே தேங்கிவிடுகின்றன. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி இணைவதே இதன் காரணம். அவ்விணைப்பினால், விற்றமின் ஏ வழிப்பொருளான றெற்றினோயிக் அமிலத்தின் வாங்கிப் புரதம் பீ.எம்.எல். என்னும் பிறிதொரு புரதத்துடன் ஒட்டிய நிலையில் உருவாகின்றது. சாதாரண வாங்கி, றெற்றினோயிக் அமிலம் வந்து பிணைந்ததும், முதிர்ச்சிக்கான பரம்பரையலகுகளைத் திறந்துவிடும். ஒட்டுப் புரதமோ உடலில் இயல்பாகவுள்ள அளவுக்குச் செவிசாய்ப்பதில்லை. கதவு மூடியே கிடக்கின்றது.

ஷங்காய் நகரின் றுயிஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் சென்யி, புற்றுக்கலத்தைக் கொல்வதற்குப் பதிலாக அதனை முதிரச்செய்தல் இயலுமா என வினவினார். 1985 முதல் அவர் அனைத்துமாறு றெற்றினோயிக் அமிலத்தை நோயாளருக்கு வழங்கலானார். 1988இல் வெளியான அறிக்கையின்படி 24 நோயாளருள் 23 பேர் இம்மருந்தினால் மட்டுமே முழுமையான நோய்த்தணிவை அடைந்தனர். எஞ்சிய ஒருவருக்குச் சிறிதளவு இரசாயன மருந்து சேர்க்க வேண்டியிருந்தது. பெரும் அளவிற் கிடைத்த பிணைமூலக்கூறு மூடிய கதவைத் திறந்தது. தேங்கிய கலங்கள் முதிர்ந்து, தம் இயல்பான வாழ்நாள் முடிவில் மடிந்தன.

ஆயின் இங்கும் ஒரு சிக்கல் இருந்தது. றெற்றினோயிக் அமிலத்தை மட்டும் பெற்றோரிற் பெரும்பாலோருக்குச் சிறிது காலத்தில் நோய் திரும்பியது. இக்குறையை நிறைவு செய்தது சீனாவின் வடகிழக்கிலுள்ள காபின் நகரில், சாங் டிங்டொங் முதலியோர் 1970களிலிருந்து ஆராய்ந்துவந்த ஆசனிக்கு மூவொட்சைட்டாகும். பழைய வைத்தியத்தில் வழங்கிய இந்நஞ்சு, ஒட்டுப் புரதத்தின் பீ.எம்.எல். பகுதியிலுள்ள கந்தகம் கொண்ட சிசுட்டெயின் அலகுகளை நேரடியாகப் பற்றி, அப்புரதம் கலத்தினாலேயே சிதைக்கப்படும்படி செய்கின்றது என்பது 2010இல் தெளிவாக்கப்பட்டது.

பிரான்சைச் சேர்ந்த ஹியூக் டி தே என்பாரின் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவற்றின் உட்பொருளை விளக்கியது. கலங்களை முதிரச்செய்தல் வேறு, நோயைத் தோற்றுவிக்கும் கலங்களை ஒழித்தல் வேறு. முன்னையது பரம்பரையலகுகள் திறக்கப்படுவதால் நிகழ்வது. பின்னையது ஒட்டுப் புரதம் சிதைவதால் நிகழ்வது. நோய்க்கலங்கள் பெருந்தொகையாக முதிர்ந்துவிட்டமை கண்ணுக்குத் தெரியும் வெற்றி. வேர் அறுந்தமை கண்ணுக்குத் தெரியாத வெற்றி. இரு பிணைமூலக்கூறுகளும் ஒட்டுப் புரதத்தின் இரு முனைகளையும் பற்றிச் சிதைத்தபோதே இரண்டாவது வெற்றி கைகூடியது. 2013இல் இத்தாலிய, ஜேர்மன் மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், உயர் ஆபத்துக்கு உட்படாத நோயாளருள் இவ்விரு மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 97 பேர் ஈராண்டு முடிவில் நோய் மீளாது, சிகிச்சை பிழைக்காது வாழ்ந்தனர். றெற்றினோயிக் அமிலத்துடன் வழமையான இரசாயனச் சிகிச்சை பெற்றோரில் அத்தொகை 86 ஆக இருந்தது. சிகிச்சை சில மாதங்களில் முடிவுற்றது. அதன்பின் மருந்து தேவைப்படவில்லை.

அடக்கப்பட்ட நோயும் அழியாத வேரும்

இரண்டாவது எடுத்துக்காட்டு நாட்பட்ட மச்சைக்கல வெண்குருதிப் புற்றுநோயாகும். 1960இல் பிலடெல்பியாவில் பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் ஆகியோர் இந்நோயாளரிடம் ஒரு குறுகிய நிறமூர்த்தத்தைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதன் விளைவே அது என 1973இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜனற் றௌலி காட்டினார். இப்பரிமாற்றத்தினால் உருவாகும் பீ.சீ.ஆர்.–ஏபெல் என்னும் ஒட்டுப் புரதம், ஏனைய புரதங்களின் மீது பொசுபேற்றுக் கூட்டங்களை ஓயாது ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு நொதியமாகும். கலத்துக்கு அது இடையறாது பெருகும் கட்டளையை இடுகின்றது.

இமாற்றினிப் என்னும் சிறு மூலக்கூறு இந்நொதியத்தின் சத்திப்பொருள் வந்தமரும் குழிவில் தான் அமர்ந்து அதனை முடக்குகின்றது. பிறையன் டிறக்கர் தலைமையில் 1998இல் நோயாளரிடம் தொடங்கிய பரிசோதனைகளின் பயனாக 2001 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. முன்னர் சில ஆண்டுகளில் மரணத்தை விளைவித்த நோயில், இமாற்றினிப் பெற்றவர்களுட் பத்தாண்டு உயிர்வாழ்வோர் ஏறத்தாழ நூற்றுக்கு 83 என 2017இல் வெளியான நீண்டகால முடிவு காட்டியது. புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்பதில் ஐயமில்லை.

எனினும், கிளாஸ்கோ நகரில் ரெசா ஹோலியோக்கின் குழுவினர் 2002இலேயே, நோயாளரின் உறங்குநிலையிலுள்ள மூலக்கலங்கள் இமாற்றினிப்புக்கு இடங்கொடாது நிலைத்திருப்பதைக் காட்டினர். 2011இல் டிறக்கரின் குழுவினர் இதன் காரணத்தை மேலும் துலக்கினர். மூலக்கலத்தினுள்ளும் மருந்து நொதியத்தை முடக்கத்தான் செய்கின்றது. ஆயின் மூலக்கலம் உயிர்வாழ்வதற்கு அந்நொதியத்தின் தொழிற்பாட்டில் தங்கியிருக்கவில்லை. பூட்டு அடைக்கப்பட்டது, ஆனால் வீட்டுக்கு வேறு வாயிலும் இருந்தது. இங்கு மருந்து புரதத்தின் தொழிலை நிறுத்தியதேயன்றி, ஷங்காய் மருந்துகளைப் போன்று புரதத்தையே இல்லாதொழிக்கவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது.

வேர் எஞ்சியிருப்பின் மருந்தை வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும் என்றே முதலிற் கருதப்பட்டது. இதனைச் சோதித்தறிய முனைந்தனர் பிரான்சிய ஆய்வாளர். ஈராண்டுகளாக நோயின் மூலக்கூற்று அடையாளம் எதுவும் காணப்படாத 100 நோயாளரில் அவர்கள் மருந்தை நிறுத்தினர். ஓராண்டின் பின்னர் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர் மருந்தின்றியே நோயற்றிருந்தனர் என 2010இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வில் ஈராண்டு முடிவில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் அவ்வாறிருந்தனர். நோய் திரும்பியவர்களுட் பெரும்பாலோர் மருந்தை மீளத் தொடங்கியதும் மீண்டும் கட்டுப்பாட்டுக்கு வந்தனர். ஒருசாராரிடம் வேர் வலுவிழந்துவிட்டது, அல்லது உடலின் நிர்ப்பீடனம் அதனை அடக்கிவைத்துள்ளது எனக் கொள்ளலாம். மற்றொரு சாராருக்கோ மருந்து ஒரு வாழ்நாட் கடமையாகவே உள்ளது.

ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள்

மூன்றாவது எடுத்துக்காட்டின் தோற்றுவாய் ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்து மேய்ச்சல் நிலங்களில் உள்ளது. அங்கு முகத்தின் நடுவே ஒற்றைக்கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறப்பதன் காரணத்தை 1950களில் விவசாயத் திணைக்கள ஆய்வாளர் தேடினர். சினையாடுகள் மேய்ந்த வெராற்றம் என்னும் மலைத்தாவரமே காரணம் என அறியப்பட்டது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருள், கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கரின் பெயரைத் தழுவிச் சைக்குளோபமைன் எனப் பெயர்பெற்றது.

1998இல் இதன் பொறிமுறை வெளிப்பட்டது. முளையத்தின் உறுப்புக்களை வரையறுக்கும் ஹெட்ஜ்ஹொக் என்னும் சைகைப்பாதையை இப்பொருள் தடுக்கின்றது. அப்பாதையிலுள்ள சிமூதென்ட் என்னும் மென்சவ்வுப் புரதமே அது பிணையும் இடம் என்பது 2002இல் நிறுவப்பட்டது. இதே பாதை வளர்ந்தோரின் சில மூலக்கலங்களைப் பேணுவதிலும், அடித்தளக்கலத் தோற்புற்றுநோயிலும் தொழிற்படுகின்றது. எனவே இப்பாதையை அடைத்தால் புற்றுநோய் மூலக்கலங்களை வற்றச்செய்யலாம் என்ற பெருநம்பிக்கை பிறந்தது.

சிமூதென்ட் புரதத்தைப் பற்றும் விசுமொடெஜிப் என்னும் மருந்து 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவைச் சிகிச்சைக்கு உட்படாத நிலையிலுள்ள நோயாளரிற் நூற்றுக்கு 43 பேரிலும், நோய் பரவியோரில் 30 பேரிலும் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின. ஆயின் மருந்தை நிறுத்தியதும் பலரிற் கட்டி மீண்டது. 2018இல் வெளியான இரு ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. மருந்தின் தாக்கத்தில் எஞ்சிய கலங்கள் தம் இயல்பையே மாற்றி, வேறொரு சைகைப்பாதையைத் துணைக்கொண்டு மெதுவாக வாழ்ந்திருந்தன. தசைப்பிடிப்பு, நாவிற் சுவையிழப்பு, முடியுதிர்வு ஆகிய பக்கவிளைவுகள், உடலின் சாதாரண இழையங்களும் இப்பாதையைப் பயன்படுத்துவதை நினைவூட்டுவனவாக அமைந்தன. ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் முன்னரே தந்த எச்சரிக்கை இதுவெனலாம்.

சதையிப் புற்றுநோயில் விளைவு இதனினும் பாதகமாயிற்று. சைக்குளோபமைனின் வழிப்பொருளான சரிடெஜிப் பெற்றோரில் மரணம் ஒப்பீட்டுக் குழுவிலும் மிகுதியாகக் காணப்பட்டமையால் 2012இல் அப்பரிசோதனை நிறுத்தப்பட்டது. கட்டியைச் சூழ்ந்துள்ள இழையம் கட்டிக்குத் துணைபோவது மட்டுமன்று, ஒரு வகையில் அதனைக் கட்டுப்படுத்தியும் வைத்திருந்தது என்பது பின்னர் சுண்டெலி ஆய்வுகளாற் புலனாயிற்று.

மூலக்கலப் பண்பையே குறிவைக்கும் மருந்து என்ற பெயருடன் ஆராயப்பட்ட நப்பபுக்கசினும் இரைப்பை, சதையி, பெருங்குடல் ஆகிய புற்றுநோய்களின் பெரும் பரிசோதனைகளில், 2017க்கும் 2021க்கும் இடையில், உயிர்வாழ்வை நீடிக்கத் தவறியது. 2009இல் ஏறத்தாழ 16,000 சேர்வைகளைச் சோதித்து, கோழிகளின் ஒட்டுண்ணிநோய்க்கு வழங்கும் சலினோமைசின் மார்பகப் புற்றுநோய் மூலக்கலங்களைத் தெரிந்து தாக்குவதாகக் கண்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. இக்கலங்களின் இரும்புத் தேவையே அதன் இலக்கு என்பது 2017இல் விளங்கியது. அறிவுக்கு இது பெரும்பேறே; ஆயினும் ஆய்வுகூடத் தட்டிலிருந்து நோயாளியின் படுக்கைவரை உள்ள தூரம் பெரிது.

வேரும் விலையும்

இதுவரை கூறியவை உயிரியற் செய்திகள். ஆயின் நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயின் வரலாறு இவ்விடத்திற் பொருளாதார வரலாறாகவும் மாறுகின்றது. வேரை அழிக்காத மருந்து நாடோறும் உட்கொள்ளப்படவேண்டிய மருந்தாகும். நாடோறும் உட்கொள்ளப்படும் மருந்து நாடோறும் விலைகொடுத்து வாங்கப்படவேண்டிய பண்டமுமாகும். எனவே மூலக்கலம் உறங்கிக்கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கில் பதியப்படுகின்றது.

இந்தியாவில் இமாற்றினிப்பின் வணிகப்பெயர் மருந்துக்கு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவும், உள்நாட்டு நிறுவனங்களின் அதே மருந்துக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாவும் விலையாயிருந்ததென வழக்குக் காலத்திற் பரவலாக அறிவிக்கப்பட்டது. நொவாற்றிஸ் நிறுவனம் இம்மருந்தின் ஒரு பளிங்குருவத்துக்குக் காப்புரிமை கோரியது. அறியப்பட்ட பொருளொன்றின் புதிய உருவம் நோய்தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதாக இல்லாவிடிற் காப்புரிமைக்கு உரியதன்று எனக் கூறும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவைக்கொண்டு இந்திய உச்சநீதிமன்றம் 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் அக்கோரிக்கையை நிராகரித்தது. மலிவான மருந்தின் உற்பத்தி தொடர்வதற்கு இத்தீர்ப்பு வழியமைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இமாற்றினிப்பையும் றெற்றினோயிக் அமிலத்தையும், 2019இல் ஆசனிக்கு மூவொட்சைட்டையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் தகும். வாழ்நாள் முழுவதும் வாங்கப்படும் மருந்து சந்தைக்கு இலாபம் தருவது. சில மாதங்களில் நோயை வேரறுத்துத் தன் தேவையையே இல்லாமற் செய்துகொள்ளும் மருந்து நோயாளிக்கு இலாபம் தருவது. மருந்தை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனைகளைப் பெருமளவில் முன்னெடுத்தவர்கள் பல்கலைக்கழக, அரச மருத்துவமனை மருத்துவர்கள் என்பது தற்செயலானதன்று. வேரைத் தேடும் ஆய்வு யாருடைய பணத்தில், எந்த நோக்கில் நடைபெறுகின்றது என்பதும் விஞ்ஞான வினாவின் ஒரு பகுதியே.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, பிணைமூலக்கூறு தாக்கும் புரதத்தின் மீது மூலக்கலத்தின் உயிர்வாழ்வே தங்கியிருத்தல் வேண்டும். அப்புரதம் புற்றுக்கலத்துக்கே உரியதாயிருப்பின் சாதாரண மூலக்கலங்கள் காக்கப்படும். ஷங்காய் மருந்துகளில் இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறின. இமாற்றினிப்பில் இரண்டாவது பெரும்பாலும் நிறைவேறியும் முதலாவது நிறைவேறவில்லை. விசுமொடெஜிப்பில் இரண்டும் முழுமை பெறவில்லை. இரண்டாவது, கலங்கள் நிலைமாறவல்லன ஆதலின், பெரும்பாலான கட்டிகளில் ஒரே திறவுகோல் போதாது. மூலக்கலத்தையும் பெருந்திரளையும் ஒருங்கே தாக்கும், மாற்றுவழிகளையும் அடைக்கும் கூட்டுச் சிகிச்சையே நம்பிக்கைக்குரியது. மூன்றாவது, கட்டி எவ்வளவு சுருங்கியது என்ற அளவுகோல் வேரைப்பற்றி எதுவும் கூறாது. மருந்தில்லாத காலம் எவ்வளவு நீளமானது என்பதே வேரைப்பற்றிக் கூறும்.

இவ்வளவுகோலைப் பரிசோதனைகளின் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்வோமாயின், தோல்விகளை விரைவில் இனங்காணவும், அற்பச் சுருக்கங்களுக்குப் பெருவிலை கொடுக்காதிருக்கவும் இயலும். நோயாளி வேண்டுவது இடையறாத மருந்தன்று. மருந்துச்சீட்டு இல்லாத ஒரு சாதாரண நாளையே. அந்நாளை எத்தனை பேருக்கு, என்ன விலைக்கு, எவ்வளவு காலத்துக்கு வழங்கமுடியும் என்பதைக்கொண்டே மூலக்கல ஆய்வின் பெறுமதியை வருங்காலம் மதிப்பிடும்.